பதினேழா, பதினெட்டா

எல்கானா தீக்குச்சியை உரசப் போனார். தங்கை திர்சா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு வேணாம்ண்ணே. நாளைக்கு ஏத்து."

அப்பாவின் நினைவுநாள் விளக்கு அது. யூதக் கணக்கில் ஹெஷ்வான் மாதம் பதினேழு என்று கல்லறைக் கல்லில் இருக்கிறது. இன்று பொழுது சாய்ந்ததும் பதினேழு பிறக்கிறது. ஜெருசலேமில் அந்தத் தெருக்காரர்களுக்கு எந்த நாள் எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று ஜெபக்கூடத்துப் பலகையில் எழுதிப் போடுகிறவரே எல்கானாதான். அவரிடம் போய்த் தேதி தப்பு என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். திர்சாவுக்கு அது வர ஆறு வருஷம் பிடித்தது. அதுவரை ஹைஃபாவில் தன் வீட்டில் பதினெட்டுக்குத் தனியாக ஏற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஜெபக்கூடத்துச் சுவரில் அப்பா பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டப் போகிறார்கள் என்று கேட்டதும் பஸ் ஏறிவிட்டாள். கல்லில் ஒரு தரம் வெட்டிய தப்பு போதாதா?

"ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்துத்தானே வெட்டச் சொன்னேன்? எனக்கே நாள் கணக்கு சொல்லித் தரியா?"

"சீட்டுல இருக்கறது இங்கிலீஷ் தேதி. அதுக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் அதே நாள். நமக்கு அப்படியா? பொழுது சாஞ்சாலே அடுத்த நாள். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வெளிய தெரு விளக்கு எரிஞ்சு, நட்சத்திரமும் வந்தாச்சு. நான்தானே ஜன்னல் திரைய இழுத்துவிட்டேன்! அதுக்கப்புறமும் அப்பா கேட்டார், எல்கானா வந்துட்டானான்னு."

எல்கானா தீப்பெட்டியைக் கீழே வைத்தார். இந்த மனுஷன் தேதியில் ஏமாறுகிற ஆள் இல்லை என்று திர்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெரியும்," என்றார். "நீ நாலு மணிக்கே போன் பண்ணிட்டே. நான்தான் சாயங்கால ஜெபம் முடிச்சுட்டு வரேன்னேன். நான் இல்லாம ஆரம்பிக்க மாட்டாங்கன்னு ஒரு பெரிய மனுஷத்தனம். பதினேழுன்னு போட்டா, நான் ஜெபத்துல நிக்கறதுக்கு முந்தியே அவர் போயிட்டார்னு ஆகும்ல? என்னை எதிர்பாத்துக் கெடந்தார்னு ஆகாதுல்ல?"

திர்சாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"படுபாவி! ஆறு வருஷமா அப்பாவ ஒரு நாள் முன்னாடியே சாகடிச்சிருக்கியே."

அன்று விளக்கு ஏற்றவில்லை. காலையில் எல்கானா தானே போய்ப் பித்தளை வேலைக்காரரிடம் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் தெருவிலிருந்து ஒருத்தர் கத்தினார்.

"எல்கானா! எல்லாரும் வந்தாச்சு, உனக்காகத்தான் நிக்கிறோம்!"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெரு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நட்சத்திரங்களும் வந்தன. தீக்குச்சியை உரசி விளக்கை ஏற்றினார். பிறகு ஜன்னலுக்குப் போனார்.

"நீங்க ஆரம்பிங்க," என்றார். "நான் அப்பாகிட்ட இருக்கேன்."