நத்தைக்குப் பதினாலு சுண்டுவிரல்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாத்தனாருக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். பெரிய துரோகம் இல்லை, கையடக்கமானது. பிறகு சமையலறையில் போய் நின்று "மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் வேணாம் அண்ணி. நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க. எழுத்தாளர்தானே நீங்க?" என்றாள். அந்த 'தானே'யில் வெங்காயத்தைவிட நான்தான் பொடியாக நறுக்கப்பட்டேன்.

நிபந்தனை ஒன்றும் போட்டாள். எழுதியதை அவளிடம் காட்ட வேண்டும். அவள் பென்சிலால் ஓரத்தில் எழுதுவதை நான் அழிக்கக் கூடாது. ஆகவே, சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள். வளைந்த அடைப்புக்குள் வளைந்து நெளிவது நான்.

முதல் தொடக்கம்: "குழந்தைகளின் மனம் ஒரு வெள்ளைத்தாள், அதில் நாம் எதை எழுதுகிறோமோ..."

(விட்டுவிட்டேன். முப்பத்தொரு வெள்ளைத்தாள்களை ஒரே அறையில் பார்த்த எவரும் இப்படி எழுத மாட்டார்கள். அந்தத் தாள்கள் ஒன்றையொன்று கிள்ளும்.)

இரண்டாவது தொடக்கம்: "மழை ஓய்ந்த ஒரு காலையில், பள்ளியின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்..."

[மழையே பெய்யல. கதவும் திறந்துதான் இருந்துச்சு.]

மூன்றாவது தொடக்கம்: என் நாத்தனார் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

இதற்கு ஆட்சேபணை வரவில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அவள் பள்ளிக்கு அறுபது சிறுவர் புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி வந்தது. அதிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுத்து வகுப்பறை அலமாரியில் வைக்க வேண்டும். தலைமையாசிரியர் ஒரு குழு அமைத்தார். அவர், பெற்றோர் சார்பில் ஒரு பல் டாக்டர், புத்தகப் பொறுப்பாளர் என்ற முறையில் என் நாத்தனார், வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதால் எழுத்தாளராகிய நான்.

நாத்தனார் குழு கூடும்வரை காத்திருக்கவில்லை. அறுபதையும் தன் வகுப்பில் வாசித்துவிட்டாள். அவளிடம் ஒரு முறை இருக்கிறது. இடைவேளை முடிந்து, எல்லாக் குழந்தைகளும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பாள். வாசிக்க வாசிக்க, எத்தனை சுண்டுவிரல்கள் "டீச்சர், ஒண்ணுக்கு" என்று உயர்கின்றன என்று எண்ணுவாள். இப்போதுதான் போய் வந்த குழந்தை மறுபடி போக வேண்டும் என்றால் அது சிறுநீர் இல்லை, விமர்சனம். ஒரு கோடு போட்ட நோட்டில் புத்தகத்தின் பெயரும் எதிரே சுண்டுவிரல்களின் எண்ணிக்கையும் எழுதி வைத்திருந்தாள்.

அந்த நோட்டில் மிகக் குறைவான எண் வாங்கியது, அட்டை கிழிந்த ஒரு புத்தகம். ஒரு பெண் தன் டீச்சரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள். வகுப்பு தன்பாட்டுக்கு நன்றாகவே நடக்கிறது. மாலையில் திறந்து பார்த்தால் டீச்சர் உள்ளே குறட்டை விட்டுத் தூங்குகிறார். "நாளைக்கும் பூட்டு" என்கிறார். அவ்வளவுதான் கதை. யாருக்கும் தண்டனை இல்லை. யாரும் திருந்தவில்லை. அதற்கு எதிரே மைனஸ் ஒன்று என்று எழுதியிருந்தாள். வகுப்பில் ஒருவரும் எழவில்லை. அதோடு, கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜன்னலோரம் நின்று கேட்டதில் போகவே மறந்துவிட்டது.

மிக அதிகமான எண் வாங்கியது ஒரு நத்தை. அந்த நத்தை இலைக்கு நன்றி சொல்லும், மழைக்கு நன்றி சொல்லும், எறும்புக்கு, காளானுக்கு, கல்லுக்கு. இருபத்து நாலு பக்கம். பதினாலு சுண்டுவிரல்.

அந்த நத்தையை எழுதியது நான்.

(புனைபெயரில். பெரியவர்களுக்கு எழுதும்போது நான் கொஞ்சம் கறாரானவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். காளானுக்கு நன்றி சொல்லும் நத்தை அந்தப் பெயருக்கு ஆகாது. வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: எனக்கு, என் கணவருக்கு, அவர் தங்கைக்கு.)

எழுந்து போவதானால் இப்போதே போய்விட்டு வாருங்கள். அடுத்தது குழுக் கூட்டம்.

3

தலைமையாசிரியர் அறையில் நான்கு நாற்காலிகள், நடுவில் பெட்டி. நாத்தனார் நோட்டைத் திறந்து தன் முறையை விளக்கினாள். தலைமையாசிரியர் பேனாவால் மூக்கைச் சொறிந்தார். பல் டாக்டர் ஆர்வமாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவள் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தாள். "யானை, மூணு. பட்டம், ஆறு. நத்தை, பதினாலு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குரலை ஏற்றவோ இறக்கவோ இல்லை. பட்டத்துக்கு ஆறு சொன்ன அதே குரல். அதுதான் எனக்கு உறைத்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "மூத்திரப்பையை வச்சு இலக்கியத்தை எடை போட முடியுமா சார்?"

தலைமையாசிரியர் சிரித்தார். பல் டாக்டர் சிரித்தார். நான் விடவில்லை. அலமாரிப் புத்தகத்தைக் கையில் எடுத்து, "இதுல குழந்தைங்க என்ன கத்துக்கும்? டீச்சரைப் பூட்டவா?" என்றேன். நத்தையை எடுத்து, "இதுல பாருங்க, பண்பு இருக்கு, பொறுமை இருக்கு" என்றேன். என் புத்தகத்தை நானே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் புகழ்ந்தேன். அதில் பொறுமை இருக்கிறது என்றது மட்டும் பொய்யில்லை. வாசிப்பவருக்கு நிறையவே வேண்டும்.

நத்தை உள்ளே வந்தது. அலமாரி வெளியே போனது.

"இது அவங்க எழுதின புத்தகம் சார்" என்று ஒரே ஒரு வாக்கியம் நாத்தனார் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டை மூடி, ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தாள்.

4

இங்கேதான் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. ஏன் அவள் சொல்லவில்லை?

முதல் வரைவில் அவளை எழுப்பி நிறுத்தி ஒரு பக்கத்துக்குப் பேச வைத்தேன். "குழந்தைகளின் உடல் பொய் சொல்லாது" என்று முடியும் பேச்சு. நானே கைதட்டிக்கொண்டேன்.

[நான் இப்படியெல்லாம் பேசுவேனா அண்ணி?]

இரண்டாவது வரைவில் அவளைத் தியாகி ஆக்கினேன். குடும்ப மானம், அண்ணனின் முகம், கண்ணோரத்தில் ஒரு துளி...

[அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. அவ்வளவுதான்.]

மூன்றாவது வரைவில் தலைமையாசிரியரையே அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஆசைதான். நடக்கவில்லை.

நடந்தது இதுதான்: அதற்குப் பிறகு வீட்டில் அவள் என்னுடன் சண்டை போடவில்லை. பேசினாள். "அண்ணி, பால் பொங்குது." "அண்ணி, கதவைச் சாத்திக்கோங்க." எல்லாம் தேவையான வாக்கியங்கள். ஒரு தேவையில்லாத வாக்கியம்கூட இல்லை. ஒரு வீட்டில் மனிதர்கள் சேர்ந்து வாழ்வது தேவையில்லாத வாக்கியங்களால்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செய்தித்தாளை வழக்கத்தைவிட நிதானமாக வாசிக்கத் தொடங்கினார்.

எட்டாவது நாள் காலையில் அவள் சொன்னாள்: "குழுவுல இருந்தவங்க ஆளுக்கு ஒரு புத்தகம் வந்து வாசிக்கணும்னு சார் சொல்றாரு. உங்களுக்கு நத்தை."

"எனக்கு வேற ஏதாவது..."

"நத்தை, அண்ணி."

5

இடைவேளை முடிந்து எல்லாரும் போய்விட்டு வந்து உட்கார்ந்தார்கள். நாத்தனார் பின்பக்கச் சுவரோரம் நின்றாள். கையில் நோட்டு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்ட நத்தைதான்; ஆனாலும் இலைக்கு நன்றி சொல்லும்வரை அமைதி. மழையில் முதல் விரல். எறும்பில் மூன்று. காளானில் ஒன்பது. ஒருவர் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர் போகலாம் என்பது வகுப்பு விதி. அதனால் கதவருகே வரிசை நின்றது. நான் அந்த வரிசையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண். வகுப்பே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும். பல் டாக்டரின் மகள் என்று பிறகு தெரிந்தது.

"கல்லுக்கு எதுக்கு நன்றி?" என்றாள்.

"நத்தை உட்கார இடம் குடுத்துச்சே."

"குடுக்கல. அது சும்மா இருந்துச்சு."

நான் வேகமாகப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் விடவில்லை. "நத்தைக்கு யாராச்சும் நன்றி சொன்னாங்களா?"

(கதை இலக்கணப்படி இங்கே நான் திருந்தியிருக்க வேண்டும். சுவரோரம் நிற்பவளைத் திரும்பிப் பார்த்து, தொண்டை அடைத்து... இல்லை. நான் பொய் சொன்னேன்.)

"அடுத்த பக்கத்துல சொல்லுவாங்க."

வக்கீல் எழுந்து வந்து, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, திருப்பிப் பார்த்தாள். "அடுத்த பக்கமே இல்ல. பின்னட்டைதான், கறுப்புக் கோடு கோடா இருக்கு."

"எழுதினவங்க மறந்துட்டாங்க" என்றது ஒரு குரல்.

"மறக்கல. செத்துட்டாங்க" என்றான் வரிசையில் நின்ற ஒரு பையன். "புத்தகம் எழுதறவங்க எல்லாரும் செத்தவங்கதான்."

வகுப்பு இதை உடனே ஏற்றுக்கொண்டது. "ஐயோ பாவம்" என்றார்கள் இரண்டு பேர். ஒரு பெண் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"சாகல" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"எப்படி?"

"ஏன்னா அதை எழுதினதே நான்தான்!"

நேர்மையால் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில், முப்பத்தொரு பேர் எனக்கு அஞ்சலி செலுத்துவதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் தலைமையாசிரியர். கையில் வருகைப் பதிவேடு.

உயர்ந்திருந்த விரல்கள் எல்லாம் இறங்கின. வரிசையில் நின்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வக்கீல் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "அப்ப நீங்களே சொல்லுங்க. அடுத்த பக்கத்துல என்ன?"

"எனக்குத் தெரியாது" என்றேன். வீம்பில்லாமல் நான் அந்த அறையில் சொன்ன முதல் உண்மை அது. மணி அடித்தது.

6

தலைமையாசிரியர் என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் என்னிடம் பேசவே இல்லை. நாத்தனாரைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லல?"

"அவங்களே சொல்லுவாங்கன்னு நெனச்சேன் சார்."

(இந்த இடத்தில் ஓரம் காலியாக இருக்கிறது. பென்சில் எதுவும் எழுதவில்லை.)

"அப்ப புத்தகப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்னு நெனைக்கிறேன்" என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார், ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோல. ஆறு வருடமாக அவள் பார்த்துவரும் பொறுப்பு. அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"சார், அவளோட முறை சரி. பதினாலுங்கறது என் புத்தகம். அதனாலதான் நான் கிண்டல் பண்ணேன். தப்பு என்னோடது. பொறுப்பை எடுக்கறதா இருந்தா என்னைக் குழுவுலேர்ந்து எடுங்க."

"உங்களை எடுத்தாச்சு" என்றார். "அதைக் கேட்கணுமா?"

மறுநாள் பல் டாக்டரையும் வைத்துக்கொண்டு குழு மறுபடி கூடியது. நான் இல்லை. இனி வருவது நாத்தனார் சொல்லி நான் எழுதுவது. பல் டாக்டர் ஒரு குற்றவாளியைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாராம். "சார், ஒரு வாரமா என் பொண்ணு என்னை அலமாரிக்குள்ள போகச் சொல்றா. அவ சொல்லிச் சொல்லியே முழுக்கதையும் எனக்கு மனப்பாடம். நான் அந்தப் புத்தகத்தைப் பிரிச்சுகூடப் பார்க்காமதான் அன்னிக்கு வேணாம்னு தலையாட்டினேன்."

"போனீங்களா?" என்று கேட்டாராம் தலைமையாசிரியர்.

"எங்க?"

"அலமாரிக்குள்ள."

"ரெண்டு தடவை. நல்லாத்தான் இருக்கு சார். போன் வராது."

[இது மட்டும் அப்படியே நடந்துச்சு.]

பட்டியல் நோட்டின்படி மாற்றி எழுதப்பட்டது. அலமாரிப் புத்தகம் முதலிடம். நத்தை வெளியே. பொறுப்பு அவளிடமே இருக்கிறது. அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழையும்போதே, "அண்ணி, அந்தப் பல் டாக்டர் சிரிச்சா ஒரு பல்லு கோணல்!" என்றாள். எந்தத் தேவையும் இல்லாத வாக்கியம். நான் போய்க் கதவின் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினேன்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் வக்கீல் தன் வழக்கை வாபஸ் வாங்கவில்லை. அடுத்த பக்கத்தில் என்ன என்று தினமும் கேட்டிருக்கிறாள். நாத்தனார் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "நீங்களே வரைங்க" என்றுவிட்டாள். சனிக்கிழமை மதியம் முப்பத்தொரு கடைசிப் பக்கங்களும் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. என் பதிப்பாளரும் இந்த நேரம் பார்த்து நத்தையை மறுபதிப்பு செய்யப்போகிறார். ஒரு பக்கம் சேர்க்க இடம் இருக்கிறது என்கிறார்.

பத்தொன்பது தாள்களில் நத்தையை ஏதோ ஒன்று தின்றுவிடுகிறது. காக்கை, பாம்பு, பஸ். (பஸ் தின்னுமா என்று கேட்காதீர்கள். பல் வரைந்திருக்கிறது.) ஒன்றில் நத்தைக்கும் எனக்கும் பக்கத்தில் பக்கத்தில் கல்லறை, பூவோடு.

கழித்துக் கழித்து இரண்டில் வந்து நிற்கிறோம்.

ஒன்று, வரிசையில் நின்ற பையனுடையது. கல் எழுந்து நிற்கிறது. அதற்குக் கால் இருக்கிறது. "போதும்" என்று சொல்லிவிட்டு நடந்து போகிறது. நத்தை குப்புற விழுந்து கிடக்கிறது.

மற்றொன்று வக்கீலுடையது. படமே இல்லை. மூன்று வரி: "இன்னிக்கு நத்தை யாருக்கும் நன்றி சொல்லல. சீக்கிரமா தூங்கிடுச்சு. எல்லாரும் நத்தை எங்க நத்தை எங்கன்னு தேடினாங்க."

நாத்தனாருக்குக் கல். அதைப் பார்த்துத் தண்ணீர் புரையேறும்வரை சிரித்தாள். எனக்கு வக்கீல். எனக்குப் பிடித்துவிட்டது என்பதாலேயே அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்கிறாள் நாத்தனார். அரைமணி நேரமாக வாக்குவாதம். என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தி, "அந்த பஸ் நல்லா இருக்கே" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

எழுதியவளுக்கு ஓட்டு கிடையாது என்று அவள் சொல்கிறாள். டீச்சருக்கு மட்டும் உண்டா என்று நான் கேட்கிறேன். ஆகவே நீங்கள்தான் வர வேண்டும். நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நல்ல புழுக்கம்; ஆனாலும் நீங்கள் பார்த்து முடிக்கும்வரை மின்விசிறியைப் போடுவதாக இல்லை.