கல்லடியில் நின்றுவிட்ட ஜசிந்தன்

2024 ஆம் ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் திகதி, கல்லடி வாவிக்கரை மைதானத்தின் இடது ஓரத்தில் விளையாடும் ஜசிந்தனின் பெயரை ஆட்டக்காரர் பட்டியலில் சேர்க்க உதைபந்தாட்டச் சங்கம் மீண்டும் மறுத்துவிட்டது. அதே ஜசிந்தன் அதே மாலை வேளையில் மாலைதீவில் ஒரு கழகத்துக்காக விளையாடிக்கொண்டிருக்கிறான் என்பதும், பிறப்புச் சான்றிதழின்படி முப்பது வயதாகவேண்டியவன் மைதானத்தில் இருபத்தொரு வயதினனாகவே நிற்கிறான் என்பதும் சங்கம் காட்டிய காரணங்கள். இரண்டும் உண்மை. உண்மையான காரணங்களிலிருந்து முற்றிலும் பிழையான முடிவுக்கு வரமுடியும் என்பதைக் கற்றறிந்தோர் நிறைந்த ஒரு சங்கம் இவ்வாறு நிரூபித்திருக்கிறது.

2015 ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில், ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், வெளிநாட்டுக் கழகமொன்றின் முகவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் ஜசிந்தன் வான் வண்டி ஒன்றின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்திட்டான். அன்றிரவே விமானம் என்பதால், வியர்வை காயாமலே அவனை ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டது. சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த ஆண்டில் பெற்றோரை இழந்த தம்பியைத் தையல் இயந்திரத்தை மிதித்து வளர்த்த அக்கா றஜனி, கையசைத்துவிட்டுத் திரும்பியபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. ஜசிந்தனின் இடத்தில் நிற்க எவனுக்கும் துணிவில்லாததால், நகரில் வாகனம் திருத்தும் பறங்கியரான பயிற்றுநர் ஹியூபர்ட் பத்துப்பேரைத்தான் இறக்கியிருந்தார். மைதானத்தில் பதினொருவர் நின்றனர். இடது ஓரத்தால் ஓடிவந்து கோல் அடித்தவனைக் கண்டதும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"றஜனி, வான் திரும்பி வந்திட்டா?"

"இல்ல அங்கிள். அந்தா, பாலத்தால போகுது."

"அப்ப இவன் ஆரு?"

"தம்பிதான்."

"சரி, ஆள் காணாத நேரம். கணக்கில எடுப்பம்."

அதன்பின் ஆண்டுகள் போயின. போனவன் முதலில் சிறிய சம்பளத்துக்கு நன்றாகவே ஆடினான். பின்னர் வளைகுடா நாட்டுக் கழகமொன்று பெரிய தொகைக்கு அவனை எடுத்தது. கல்லடியில் தகரக்கூரை போய் ஓட்டுக்கூரை வந்தது, குளிரூட்டி வந்தது, மேல்மாடிக்குத் தூண்கள் எழுந்தன. ஒப்பந்தம் பெருகப் பெருக, தொலைக்காட்சியில் தெரிந்த ஜசிந்தன் பந்து தன்னிடம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் கோப்பில் ஒப்பமிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பும் எழுதுவினைஞரைப்போல அதை அனுப்பிவைத்தான். வாவிக்கரையில் நின்றவனோ, வெயில் தாழ்ந்ததும் வந்து, பந்து கண்ணுக்குத் தெரியும்வரை ஆடிவிட்டுக் வாவியோரத்துக் கண்ணாப் பற்றைப் பக்கமாகப் போய்விடுவான். எங்கே போகிறான் என்று எவரும் கேட்டதில்லை. நான்கு கோல்களால் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் கடைசி நிமிடத்தில் பந்தை வாரியணைத்து நடுக்கோட்டுக்கு ஓடுவான். றஜனி நாள்தோறும் இஞ்சி போட்ட தேநீருடன் போய் நின்றாள். சப்பாத்தைக் கிழித்ததற்கு அடி வாங்கிய கையோடு, சோற்றுக்கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு காலால் பந்தை உருட்டிய பிள்ளையை, உலகத்தில் வேறெந்த அக்காவுக்கும் கிட்டாத வகையில், அவள் மாலைதோறும் கண்டுகொண்டிருந்தாள்.

ஒருநாள் வளைகுடாவிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, கால் ஓடுது, நான் ஓடல்ல. கோல் அடிச்சாலும் ஆரோ அடிச்ச மாதிரி இரிக்கு. ஒப்பந்தத்த முறிக்கப் போறாங்களாம். அங்க நிக்கிற அவன இஞ்ச அனுப்பி விடு கா."

றஜனி மைதானத்துக்குப் போனாள்.

"மனே, நீ அங்க போகணும்டா. அவனுக்கு ஏலாம இரிக்கு."

"ஆருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இரிக்கன். தள்ளு கா, கோணர் கிக் அடிக்கப் போறன்."

விளையாட்டு இல்லாவிட்டால் தானாகவே புறப்படுவான் என்று ஹியூபர்ட் யோசனை சொன்னார். றஜனியின் சம்மதத்துடன் பந்துகள் அவருடைய பட்டறையில் பூட்டப்பட்டன. மைதானத்தின் படலையும் சாத்தப்பட்டது. அவன் போகவில்லை. எல்லைக்கோட்டில் குந்தியிருந்து மெல்லிதானான்; சில நாட்களில் அவன் முழங்காலினூடாகப் புல் தெரிந்தது, பிறகு வாவியில் போகும் தோணியும் தெரிந்தது. வளைகுடாவில் இருந்தவன் அவனுடைய வலிமையைப் பெற்றுக்கொள்ளவுமில்லை. சப்பாத்து நாடாவைக் கட்டக்கூட மனமின்றிக் கட்டிலில் கிடந்தான். ஒருவனை அழித்து மற்றவனைக் காப்பாற்ற முடியாது என்பது றஜனிக்கு அப்போது விளங்கியது. ஒப்பந்தம் போகும், மேல்மாடி வேலை நின்றுபோகும் என்பதும் விளங்கியது. அவள் பட்டறைக்குப் போய்ப் பந்தை எடுத்துவந்து, படலையைத் திறந்து, வாழ்க்கையில் முதன்முறையாக உதைத்தாள். பந்தைவிடச் செருப்பு தூரமாகப் போனது.

"இதென்ன கா உதை!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து ஓடியவனின் முழங்காலினூடாக எதுவும் தெரியவில்லை.

அந்த மாதமே ஒப்பந்தம் முறிந்தது. மேல்மாடித் தூண்களின் கம்பிகள் இன்றும் வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கின்றன. ஜசிந்தன் மாலைதீவில், முன்பிருந்ததைப்போன்ற ஒரு சிறிய கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தான்; ஆட்டம் முடிந்ததும் அக்காவை அழைப்பான்.

"இண்டைக்கு அவன் எத்தின கோல்?"

"ரெண்டு. ஒண்டு தலையால."

"தலையாலயா? எனக்கு அது ஏலாதே!"

"அவனுக்கு ஏலுது."

அப்படிக் கேட்ட மறுநாட்களில் அவன் சற்றே ஓடுவதாக அங்குள்ளவர்கள் சொன்னார்கள்.

சென்ற டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்த ஜசிந்தன், சற்றுச் சரிந்த வயிற்றோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே, அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. "அண்ணே, தட்டி விடுங்க!" என்று இளையவன் கத்தினான். ஜசிந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தான். கேட்டவனின் இடது காலில் போய் விழுந்தது பந்து.

"ஆ, நல்ல உதை! முந்தி விளையாடினீங்களா?"

"ஓம்."

"எங்க?"

"இஞ்சதான்."

"அப்ப நாளைக்கு வாங்க அண்ணே. ஆள் காணாது."

மறுநாள் அவன் போனான். விடுமுறை முடியும்வரை ஒருவன் இடது ஓரத்திலும் மற்றவன் வலது ஓரத்திலும் ஆடினார்கள். ஹியூபர்ட் இருவரையும் எண்ணிக்கொண்டார். றஜனி இரண்டு கோப்பைகளில் தேநீர் கொண்டுபோனாள். கல்லடியில் எவரும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெளியூரார்.

ஆகவே வாசகரே, பாலத்தில் வாகனத்தை நிறுத்திக் கைப்பேசியால் அவனைப் படம்பிடிப்பதை இன்றோடு விடுங்கள். இறங்கி மைதானத்துக்கு வாருங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்து உங்களிடம் வந்தால், எந்தக் கழகம், எவ்வளவு சம்பளம் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல், திருப்பி உதையுங்கள்.