படித்து ஒத்துப்பார்க்கப்பட்டது

ஒரு சமுதாயத்தின் நாகரிகத்தை அதன் கோபுரங்களைக் கொண்டோ கோட்டைகளைக் கொண்டோ அளக்கக் கூடாது. அதன் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டத்துக்கு என்ன விதிகளை வகுத்து வைத்திருக்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். இது நாகேஸ்வரனின் தீர்மானமான கருத்து. தினமும் காலை ஒன்பதேகாலுக்குக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அதைச் சொல்வார். பஸ் வந்ததும் நாகரிகத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு இரண்டு முழங்கைகளாலும் வழி உண்டாக்கி ஏறுவார்.

அவர் ஏறுவதற்குள் ராமசுப்ரமணியன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடித்திருப்பார். பதினெட்டு வருஷமாக இதில் மாற்றமில்லை. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் செக்‌ஷன் ஆபீசர்கள். நாகேஸ்வரன் முதுகலைப் பிரிவு. ராமசுப்ரமணியன் பக்கத்து அறையில் கமிட்டிகளின் காரியங்களைப் பார்ப்பவர். மூன்று வருஷம் சீனியர். ஒருவர் வீடு ஸ்ரீவராகத்தில், மற்றவர் வீடு கோட்டைக்குள். நாகேஸ்வரன் அவரை 'அண்ணா' என்பார். அவர் இவரை 'நாகு' என்பார். பெற்ற தாய்க்குப் பிறகு அந்தப் பெயரால் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

விதி விஷயத்தில் நாகேஸ்வரனிடம் எவருடைய பருப்பும் வேகாது. முந்தின வருஷம் லிங்கராஜ் என்று ஒரு பையன், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. முடித்தவன், எம்.ஏ. விண்ணப்பத்தோடு ஓடிவந்தான். கடைசி நாள். மணி ஐந்தேகால்.

"சார், ராத்திரி ட்யூட்டி முடிச்சிட்டு பகலு பூரா சர்ட்டிபிகேட்டுக்கு அலைஞ்சு, உறங்காம வந்தேன். பஸ்ஸுல கண்ணு அசந்துபோச்சு. முழிச்சுப் பாத்தா ஸ்டாப்பு தாண்டி கழக்கூட்டம். கால் மணிக்கூறுதான சார்?"

"விதி தூங்காது, தம்பி. அதை எழுதினவனும் தூங்கமாட்டான்" என்றார் நாகேஸ்வரன்.

அதோடு விட்டிருக்கலாம். தவறுக்கு விளக்கம் தரும் படிவம் ஒன்றை நீட்டி, 'காரணம்' என்ற கட்டத்தை அவன் கையாலேயே நிரப்பச் சொன்னார். பையன் யோசித்து, 'உறக்கம்' என்று எழுதினான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படிவத்தை நாகேஸ்வரன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "காரணத்தைப் பார்த்தேளா? உறக்கமாம்!" என்று அவர் சொல்லும்போதெல்லாம் டைப்பிஸ்ட் விஜயம் குனிந்துகொள்வாள்; நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் அவளுக்கு உறக்கத்தின் அருமை தெரியும்.

இப்படிப்பட்ட மனிதரிடம், தொண்ணூற்றெட்டாம் வருஷம், முதுகலைப் படிப்புக்கான புதிய விதிகளின் நகலை எழுதும் பொறுப்பு வந்து சேர்ந்தது. விதிக்குழுவுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். ஆனால் எழுதியது இவர்தான். வருகைப் பதிவு எத்தனை சதவீதம், ஆய்வேட்டில் ஓரம் எத்தனை அங்குலம், தேர்வின் நடுவில் ஒருவர் மயங்கி விழுந்தால் எந்தப் படிவம் என்று நாற்பத்திரண்டு விதிகள். அதில் பத்தாவது விதிதான் உயிர்நாடி: பதினைந்து வருஷம் சர்வீஸ் முடித்த பல்கலைக்கழக ஊழியர்கள் வகுப்புக்குப் போகாமலேயே எம்.ஏ.வுக்குப் பதிவுசெய்து படிக்கலாம்.

அந்த விதி பஸ்ஸில் பிறந்தது. இரண்டாயிரமாவது வருஷக் கடைசியில் உதவிப் பதிவாளர் பதவி ஒன்று காலியாகப் போகிறது. எம்.ஏ. இல்லாதவர்கள் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. பதவி சீனியாரிட்டிக்கு அல்ல, எம்.ஏ. மதிப்பெண்ணுக்கு. இரண்டு பேரும் வெறும் பி.ஏ.

"பதினஞ்சுன்னு போட்டா நாம ரெண்டு பேருமே உள்ளே வந்துடுவோம்ணா. உங்களுக்கு இருபத்தொண்ணு, எனக்குப் பதினெட்டு" என்றார் நாகேஸ்வரன்.

"எழுது நாகு. கமிட்டியிலே நான் பார்த்துக்கறேன். நீ ஆனா என்ன, நான் ஆனா என்ன? ஒரே துண்டு போட்டுப் பிடிச்ச சீட்டுதானே!"

நாகேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் எழுதினால் யாருக்கு மதிப்பெண் அதிகம் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ராமசுப்ரமணியனுக்கும் இல்லை என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

வீட்டில் அனந்தலக்ஷ்மி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வாசலுக்குப் பித்தளையில் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தார்கள். 'நாகேஸ்வரன், பி.ஏ.,' என்று பொறித்து, காற்புள்ளிக்கு அப்பால் மூன்று விரற்கடை இடம் காலியாக விடச் சொன்னார் நாகேஸ்வரன். பொறிப்பவர் அந்தக் காலி இடத்தைக் காட்டி, "அவிடெ எந்தா சாரே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"வரும்" என்றார் நாகேஸ்வரன்.

ஏப்ரல் கடைசியில் மச்சினி பெண் கல்யாணத்துக்காக அவர் கல்லிடைக்குறிச்சி போயிருந்தபோது கமிட்டி கூடியது. திரும்பி வந்ததும் பஸ்ஸில் கேட்டார். "எல்லாம் சுபம்" என்றார் ராமசுப்ரமணியன்.

பாக்கி இருந்தது ஒத்துப்பார்க்கும் சடங்கு. அச்சுக்குப் போகும் முன் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க வேண்டும். இன்னொருவர் டைப் அடித்த நகலில் பென்சிலால் தொடர்ந்து போக வேண்டும். காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விதி முடிந்ததும் கேட்பவர் 'ம்' சொன்னால்தான் அடுத்தது. கடைசியில் 'படித்து ஒத்துப்பார்க்கப்பட்டது' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால், அதற்குமேல் பிரம்மாவே வந்தாலும் மாற்றுவது கஷ்டம்.

இந்த வேலையில் நாகேஸ்வரன் பெயர் பெற்றவர். மற்றவர்கள் மூக்கு நகலில் இடிக்கக் குனிந்து பார்ப்பார்கள். இவர் நாற்காலியில் சாய்ந்து, பென்சிலை நகலின்மேல் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிழை வந்தால் காதே சொல்லிவிடும் என்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைக் கூட்டிவந்து அந்தக் கோலத்தைக் காட்டுவதுண்டு.

மே இருபத்தொன்பதாம் தேதி. அன்று கணக்குப் பிரிவில் ஒருவர் ஓய்வுபெறுவதை முன்னிட்டு இலைபோட்டுச் சாப்பாடு. நாலு கூட்டம் கறி பரிமாறி, கடைசியில் பாயசமாக அடைப்பிரதமன். நாகேஸ்வரன் இரண்டு கிளாஸோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு குடி, நாகு. பலாப்பழப் பிரதமன் வேற வந்துருக்கு. மத்தியானம் நாற்பத்திரண்டு விதி கேக்கணுமாக்கும்" என்று ராமசுப்ரமணியன் தானே மொண்டு ஊற்றினார்.

இரண்டே காலுக்கு ஒத்துப்பார்த்தல் ஆரம்பமானது. ராமசுப்ரமணியன் வேதம் ஓதும் குடும்பம்; ஆங்கில விதியையும் ஏற்றி இறக்கி ஒரு ராகத்தோடுதான் வாசிப்பார். மேலே மின்விசிறி சுற்றியது. மூலையில் விஜயம் உட்கார்ந்திருந்தாள், திருத்தம் வந்தால் உடனே அடித்துக்கொடுக்க. ஒரு திருத்தமும் வரவில்லை. நாலு மணிக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாகேஸ்வரனின் பென்சில் எப்படியோ பென்சில் டப்பாவுக்குள் போயிருந்தது. அவர் அதைப்பற்றி அப்போது நினைக்கவில்லை.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி விதிப்புத்தகம் அச்சாகி வந்தது. நாகேஸ்வரன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராகப் பத்தாம் விதியைத் திறந்தார்.

இருபது வருஷம் என்றிருந்தது.

அச்சுப்பிழை என்று நினைத்தார். நகலை எடுத்துப் பார்த்தார். இருபது. மூலத்தை வரவழைத்தார். தான் எழுதிய 'பதினைந்து' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'இருபது' என்று பேராசிரியரின் கையெழுத்தோடு இருந்தது. ஓரத்தில் பென்சிலால் பழகிய கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பதினைந்து என்பது பட்டத்தின் கௌரவத்துக்குக் குறைவு.' அந்த வால் நீண்ட எழுத்துகளை அவர் பதினெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறார்.

சாயந்திரம் பஸ்ஸில் துண்டு போட்டிருந்தது. நாகேஸ்வரன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காரு, நாகு."

"நான் கல்லிடைக்குறிச்சியிலே பந்தியிலே உக்காந்திருக்கச்சே இந்தக் காரியத்தைப் பண்ணியிருக்கேளே, அண்ணா."

"கமிட்டி தீர்மானம்டா. நான் யாரு?"

"கௌரவத்துக்குக் குறைவுன்னு எழுதினது யாரு?"

ராமசுப்ரமணியன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஸ்டாச்யூ ஸ்டாப் தாண்டியது.

"சரி, எழுதினேன். பட்டத்துக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? நீதானே நித்தமும் சொல்லுவே, நாகரிகம், அது இதுன்னு."

"ரெண்டு மாசம் பக்கத்துலேயே உக்காண்டு வந்தேளே. ஒரு வார்த்தை சொன்னேளா?"

"சொன்னேனே!" ராமசுப்ரமணியன் திரும்பினார். குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது. "நான் ஒளிச்சேனா? மே இருபத்தொம்பதாம் தேதி உன் மூஞ்சிக்கு நேரே, தொண்டை கிழிய, இருபதுன்னு படிச்சேன். இருபது, கமான்னு படிச்சேன். நிறுத்தி உன்னைப் பார்த்தேன். நீ ம் சொன்னே. பெருந்தன்மையா விட்டுக்கொடுக்கறான்னு நினைச்சேன். ஆத்துல போய் உன் மன்னிகிட்ட சொல்லி மாய்ஞ்சு போனேன்."

பின்னால் ஒருவர், "சாரே, சீட் வேண்டாமெங்கில் ஞான் இருந்நோட்டே?" என்று கேட்டு, துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நாகேஸ்வரன் துணைப் பதிவாளரைப் பார்த்தார். நல்ல மனிதர். புத்தகத்தைப் புரட்டி, "சாரே, இதினு வழியுண்டு" என்றார். அச்சான பதினைந்து நாட்களுக்குள், ஒத்துப்பார்த்துக் கையெழுத்திட்டவரே அந்த விதி தன் கவனத்துக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்தால், விதி மறுபடியும் கமிட்டிக்குப் போகும். நாகேஸ்வரன் நேரில் நின்று வாதாடலாம். பேராசிரியர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர், காரியம் நடக்கும்.

"காரணம் மாத்ரம் எழுதணும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். நாகேஸ்வரனுக்கு அந்தப் படிவத்தைத் தெரியும்.

'வாசிக்கப்படவில்லை' என்று எழுதலாம். ஆனால் சாட்சியைக் கேட்பார்கள். அவர் விஜயத்தின் மேஜைக்குப் போய் நின்றார்.

"அன்னிக்குப் பத்தாம் விதி வாசிச்சபோது நீ இருந்தியோ, விஜயம்?"

"இருந்தேன் சார்."

"என்ன படிச்சார்?"

"இருபதுன்னுதான் படிச்சாரு. ரெண்டு மட்டம் படிச்சாரு." அவள் தட்டச்சு இயந்திரத்தின் உறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்களும் ம் சொன்னிய. எல்லாத்துக்கும் சொன்னிய. அவரு இருமினப்பவும் சொன்னிய."

"என் பென்சில்..." என்று ஆரம்பித்தார் நாகேஸ்வரன்.

"பென்சிலு உருண்டு கீழ விழுந்துது சார். நான்தான் எடுத்து டப்பாவுல போட்டேன். நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன், கேட்டியளா. ஆனா எழுத்துல கேட்டா உள்ளதத்தான் சொல்லணும்."

வீட்டில் அனந்தலக்ஷ்மி, "ஏன்னா, எழுதிக் குடுத்துட்டேளா? எதையாவது ஒண்ணை எழுதித் தொலைச்சா என்ன?" என்று தினமும் கேட்டாள். "யோசிக்கணும்" என்றார். பெயர்ப்பலகை வந்துவிட்டது. மாட்டாமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் பிற்பகல் முழுவதும் அவர் படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடல்நலக்குறைவு என்று எழுதிப் பார்க்க நினைத்தார். அன்று மூன்று கிளாஸ் பிரதமன் குடித்ததைக் கணக்குப் பிரிவே பார்த்திருக்கிறது. காது கேட்கவில்லை என்றால் வேறு விதிப்படி வேலைக்கே ஆபத்து. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதே படிவத்தில், அதே கட்டத்தில், லிங்கராஜின் முத்துமுத்தான எழுத்து இருந்தது. நாகேஸ்வரன் அதன்மேல் ஒரு ஃபைலைத் தூக்கி வைத்தார்.

ஐந்து மணிக்குப் படிவத்தை வெறுமையாகவே துணைப் பதிவாளரிடம் திருப்பிக் கொடுத்தார். "விதி விதிதான், சார்" என்றார். துணைப் பதிவாளர் எழுந்து நின்று கைகுலுக்கினார். சொந்த நஷ்டத்திலும் விதியைக் காத்தவர் என்று அடுத்த ஊழியர் கூட்டத்தில் நாகேஸ்வரனைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். முதலில் கைதட்டியவர் ராமசுப்ரமணியன்.

ஜூலை கடைசியில் ராமசுப்ரமணியனின் எம்.ஏ. விண்ணப்பம் முதுகலைப் பிரிவுக்கு வந்தது. சர்வீஸ் இருபத்தோரு வருஷம். நாகேஸ்வரன் இரண்டு முறை சரிபார்த்து, 'பத்தாம் விதிப்படி தகுதியுண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அன்றுமுதல் ஒன்பதரை பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். அதில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

பத்தாம் விதி வாசிக்கப்பட்டபோது அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.