பாலைமரத்தடியில் போட்ட புகை

1

படார்!

காய்ந்த வீரை மரம் ஒன்று நெருப்பில் வெடித்த சத்தம். காட்டு வாசல் கேற்றடியில் நுழைவு ரிக்கற் கிழித்துக்கொண்டிருந்த லக்சாயினி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மேற்கே புகை. வறண்ட கச்சான் காற்று அதைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது.

இப்படித்தான் தொடங்கினேன். வாரப்பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பழகிய கை, வெடிச்சத்தம் இல்லாமல் பேனாவைத் திறக்காது. ஆசிரியர் கேட்டது பாலைப்பழக் காலத்துக் காதல் கதை. அதற்காகத்தான் மூதூர்ப் பக்கம் போனேன். போன இடத்தில் காடு கறுத்துக் கிடந்தது. தேநீர்க் கடையில் ஒருவர், "நெருப்பு வைச்சவனைப் பிடிச்சிட்டாங்கள்" என்றார்.

"ஆர்?"

"ரவுண் ஆள். பட்டணத்தில இருந்து பழம் பொறுக்க வந்தவராம்."

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கற்பனை. காதல் அத்தோடு போயிற்று.

(காட்டுக்கு வீரையடி என்று பெயர் வைத்திருக்கிறேன். வரைபடத்தில் தேட வேண்டாம்.)

2

முதலில் லக்சாயினியை வீராங்கனையாக எழுதினேன். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நெருப்புக்குள்...

வெட்டிவிட்டேன். காட்டுக் காவலுக்கு நிற்பவளுக்குச் சீருடை உண்டு, சேலை இல்லை. பாய்ந்தாலும் வெறுங்கையோடுதான் பாய வேண்டும். தண்ணீர் பவுசர் வண்டி ரவுணில் நிற்கிறது. ஓட்டுநர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை.

ஆள் இல்லாத கதைதான் இது. முன்பு கேற்றில் இரண்டு பேர். லக்சாயினி ரிக்கற் கொடுப்பாள். ஸஜ்ஜாத் நானா, பழம் பொறுக்க வருகிறவர்களுக்கு முன்னால் தகரத்தைத் தட்டிக்கொண்டு நடப்பார். பாலைப்பழம் கரடிக்கும் பிடிக்கும். தகரச் சத்தம் கேட்டால் விலகிப் போகும். காட்டுக்குள் அடுப்பு மூட்டிச் சமைக்கிறவர்களை ஏசி, அணைக்க வைத்துவிட்டுத்தான் நானா திரும்புவார். அவரை வெளிநாட்டார் வந்து யானை பார்க்கும் பூங்காவுக்கு மாற்றினார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. சனம் மட்டும் வந்தது, வான் வண்டி வண்டியாக.

நானா போன பிறகு, பழம் பொறுக்கிய ஒருவரின் முகத்தைக் கரடி பிறாண்டியது. ஏச்சு லக்சாயினிக்கு.

"கேற்றை விட்டிட்டு நான் என்னெண்டு சேர் உள்ளுக்குப் போறது?"

"அது எனக்குத் தெரியாது. இனி ஒராளைக் கரடி தொட்டா உம்மட வேலை போகும்" என்றார் அதிகாரி சுகிர்தன்.

ஆகவே, அல்பிரட் குடும்பம் வந்த அன்று...

3

இந்தப் பகுதியைத்தான் எழுதி எழுதிக் கிழித்தேன். அல்பிரட்டைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது, அதனாலேயே பிடிக்கவில்லை. அவர் ரவுணில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர். மனைவி மக்டலின். பழம் தின்றால் உதடு ஒட்டும் என்று தேங்காயெண்ணெய்ப் போத்தலும் கொண்டுவந்தவள்.

"தங்கச்சி, உள்ளுக்குக் கரடி நிக்குதோ?"

"நிக்கும் அக்கா. இது அதுகளின்ர சாப்பாட்டுக் காலம்."

"கூட வர ஆள் இல்லையோ?"

"நான் ஒராள்தான்."

"அப்ப இவரை முன்னுக்கு விடுறன். சொந்தக்காரன் எண்டு கரடி விட்டிடும்."

அல்பிரட் வயிற்றைத் தடவிச் சிரித்தார். "கலியாணம் கட்டின நாளில இருந்து இதே கதைதான், தங்கச்சி."

லக்சாயினிக்கும் சிரிப்பு வந்தது. சுகிர்தனின் முகம் நினைவுக்கு வர, அது அடங்கிப் போயிற்று.

"அண்ணை, மரத்தடியில பச்சை இலை போட்டு ஒரு புகை போடுங்கோ. வரேக்க அணைக்க வேண்டாம். மணம் நிண்டாத்தான் பின்னால வராது."

தேன் எடுக்கப் போகிறவர்கள் அப்படிப் புகை போடுவது வழக்கம். ஆனால் புகையடியில் ஒருவரை இருத்திவிட்டுத்தான் போவார்கள். அது லக்சாயினிக்குத் தெரியும். இருத்துவதற்கு யாரும் இல்லை என்பதும் தெரியும்.

(தகரத்தை அவர்களிடமே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பழம் பொறுக்குகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும். தட்டத் தட்டப் பொறுக்க ஏலாது. புகை தானாக நிற்கும். அதுதான் அதன் வசதி.)

4

அணைக்காமல் விட்ட புகையில் இருந்து காடு எரிந்ததை விரித்து எழுதப் போவதில்லை. பழத்தோடு வான் வண்டிக்குப் போன அல்பிரட், வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினார். பச்சைக் கொப்பை முறித்து நெருப்பை அடித்தார். உள்ளங்கை இரண்டும் வெந்து போயின. பொலிஸ் அவருடைய சட்டைப் பையில் லைற்றரைக் கண்டெடுத்தது. "நான்தான் போட்டனான்" என்றார். யார் சொல்லிப் போட்டது என்று அவர் சொல்லவில்லை. வழக்கு முடியும்வரை அவரை விளக்கமறியலில் வைத்தார்கள்.

மக்டலின் கேற்றடிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மட பேரைச் சொல்ல மாட்டாராம். அந்தப் பிள்ளையின்ர வேலை போயிடும் எண்டுறார். நான் என்ன செய்ய, தங்கச்சி? நீரே சொல்லும்."

5

முடிவுகள்.

லக்சாயினி வாயைத் திறக்கவில்லை. அல்பிரட்டுக்குத் தண்டனை. இப்படி முடித்தால் அவளைப் பற்றி இனி என்னால் ஒரு வரியும் எழுத முடியாது.

மழை பெய்கிறது, எல்லோரும் நனைந்தபடி அழுது... இல்லை. கச்சான் காலத்தில் மழை பெய்ய வைத்தால், மூதூருக்குப் பக்கத்துக் கிளிவெட்டியில் இருந்து யாராவது ஒரு வாசகர் கடிதம் போடுவார்.

காட்டுக்குப் புதிதாக ஆட்களை நியமிக்கிறார்கள், மாலை போட்டு, படம் எடுத்து... இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்தத் தாளையும் கிழித்தேன்.

கடைசியில் அவளைச் சுகிர்தனின் கந்தோருக்கு அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் யாராவது ஒருவர் தப்புவார் என்று நானும் நம்பினேன். அங்கே நடந்ததை எழுதிவிட்டு நிறுத்துகிறேன். அதன் பிறகு அவள் பொலிசுக்குப் போனாளா, கேற்றுக்குத் திரும்பினாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஏலவில்லை.

"புகை போடச் சொன்னது நான், சேர். அணைக்க வேண்டாம் எண்டதும் நான்தான். அந்த அண்ணையை விடச் சொல்லுங்கோ."

சுகிர்தன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஏசவில்லை. அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இதை வேற ஒருத்தரிட்டையும் சொல்லாதையும், பிள்ளை. அந்த மனிசன் மறியலுக்குள்ள இருந்தா எங்களுக்கு ஆள் குறையாது. உம்மை நிப்பாட்டினா நாளைக்குக் கேற் திறக்க ஆர் இருக்கினம்?"