டோல்கேட்ஸின் நான்காவது ரெக்கார்டு

1

இந்தக் கதைக்குக் காரணம் பொறாமை. கௌரவமாக வேறு ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன், ஒன்றும் தேறவில்லை. வருடம் 1979, ஊர் ராயபுரம். முதல் வரியை இப்படி எழுதினேன்: 'ஹார்பரில் சங்கு ஊதியபோது லூர்து கிதாரை எடுத்து...' அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே அவனா?

2

அமெரிக்காவில் டோல்கேட்ஸ் என்று ஒரு பங்க் ராக் குழு. (பெயர் என் கற்பனை. திருவொற்றியூர் டோல்கேட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.) முதல் ரெக்கார்டில் கிதாரில் மூன்று விரல்பிடிதான், மற்றதெல்லாம் கத்தல். இரண்டாவதில் கொஞ்சம் ராகம் தட்டுப்பட்டது. மூன்றாவதில் வயலின் வைத்து உருகினார்கள். விவரம் தெரிந்தவர்கள் இதை வளர்ச்சி என்பார்கள்.

ராயபுரத்துக்கு அது தலைகீழாக வந்தது. கப்பலில் வேலை செய்யும் தாமஸ் முதலில் கொண்டுவந்தது மூன்றாவதை. அதைக் கேட்டுத்தான் லூர்து, கல்யாண வீடுகளில் வாசிக்கும் தன் செட்டுக்கு என்னைக் கூப்பிட்டான். என்னிடம் பிடில் இருந்தது. அடுத்து இரண்டாவது வந்தது. பாதிப் பாட்டுக்கு நான் சும்மா நின்றேன். கடைசியாக முதலாவது வந்தது.

"மாமு, புச்சு பிளேட்டுல பிடிலே இல்ல. நீ கொஞ்ச நாளு குந்திகினு கேளு," என்றான் லூர்து.

அட்டையிலிருந்த வருடத்தைக் காட்டினேன். "இதான்டா பழசு. அவனுங்க இங்கேர்ந்துதான் ஆரம்பிச்சிக்கிறானுங்க."

"வருசம் இன்னாவா இருந்தா இன்னா? நம்ம கைக்குக் கடைசியா வந்தது இதானே? கேளு, இன்னா சோக்கா கீது!"

3

லூர்தைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். கஞ்சன், குடிகாரன் என்று ஒரு பத்தி எழுதி... ஒட்டவில்லை. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறான், சிரிக்கிறான், எல்லாருக்கும் டீ சொல்கிறான். எரிச்சலாக இருக்கிறது.

அதைவிட எரிச்சல், என் இடத்தில் அவன் ஆலிஸை நிறுத்தியது. காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவள். எனக்கு அவள்மேல் ஆசை. [இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா? இருக்கட்டும்.] எங்கள் தெரு செல்லக்கனி வீட்டுக் கல்யாணத்தில் அவள் மைக்கைப் பிடித்து அடித்தொண்டையில் கத்தினாள். முதலில் காதைப் பொத்தியவர்கள் பிறகு நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். நான் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்து கேட்டேன். நான் இருந்தபோது அந்தச் செட்டு அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. வயிறு எரிந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஆலிஸ் வந்தாள். "இன்னா ஹென்றி, மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு கீற? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் கீது."

"இத்தினி வருசமா கூவுறேன். மீனுதான் வித்துது. இன்னிக்கிதான் எனக்குன்னு ஜனம் கை தட்டுச்சு."

4

நேற்று தாமஸ் வந்து இறங்கினான். கையில் டோல்கேட்ஸின் நான்காவது ரெக்கார்டு, நிஜமாகவே புதிது. லூர்து வேலையில் இருந்ததால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். போட்டுக் கேட்டேன். எல்லாப் பாட்டிலும் வயலின். கத்தலே கிடையாது.

லூர்து இதைக் கேட்டால் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கூப்பிடுவான்; ஆலிஸை உட்காரச் சொல்வான்.

முடிவு அ: ரெக்கார்டைக் கடலில் வீசுகிறேன். (நானா?)

முடிவு ஆ: ஆலிஸ் கத்த, பக்கத்தில் நின்று நான் வாசிக்க... (பிளேட்டில் இல்லாததை லூர்து செய்யமாட்டான்.)

முடிவு இ:

இதை நான் எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா திருவிழா, செட்டு வாசிக்கிறது. தெருமுனையில் லூர்து வந்துகொண்டிருக்கிறான். ரெக்கார்டு என் மடியில் இருக்கிறது. என்னை நல்லவனாக்க வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நான் பிடிலுக்குச் சுருதி சேர்த்து முடித்துவிட்டேன்.