ஈரலுக்கு டாக்டர் எப்ப வருவாருங்க?

சண்முகப்ரியாவுக்கு அந்த எழுத்து மேல அப்படி ஒரு கிறுக்கு. ஒரு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அவளே வரைஞ்ச தமிழ் எழுத்து, அதான் ஃபான்ட். நெட்டுக்கோடு கரும்புத் தண்டி, படுக்கைக்கோடு தலைமுடி மெலிசு, ஒவ்வொரு கோட்டு முனையிலயும் குட்டியா ஒரு பாதம். அதை முதல்ல எங்க மாட்டறது? பீளமேட்டுல அம்மா மாசாணியம்மாள் நடத்துற கறி மெஸ் வாசல்லதான்.

'வாங்க சாப்பிடலாம்'னு சிவப்புல குண்டு குண்டா கத்திக்கிட்டிருந்த பழைய போர்டைக் கழட்டிப்போட்டு, வெள்ளைப் பலகையில கருநீலத்துல எழுதினா: மாசாணியம்மாள். அதுக்குக் கீழ பொடிசா: ஈரல், குடல், மூளை, எலும்பு. 'மெஸ்'ங்கிற வார்த்தை அழகைக் கெடுக்குதுன்னு எடுத்தே போட்டா. புத்திசாலி!

மதியம் ஆச்சு, ஈ காக்கா வரலை. தினமும் வர்ற காலேஜ் பசங்க ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்துட்டு பைக்கைத் திருப்பிட்டானுக. கடைசியா சோமனூர்ல இருந்து ஒரு வயசான புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. செருப்பை வாசல்லயே விட்டுட்டு, பெஞ்சு ஓரத்துல ஒடுங்கி உக்காந்து, ஸ்கேன் ஃபைலை நீட்டினாங்க.

"ஏனுங்க, ஈரலுக்கு டாக்டர் எப்ப வருவாருங்க?" பெரியவரு பவ்யமாக் கேட்டாரு.

மாசாணியம்மாளுக்கு வந்துச்சே கோவம்! "இது மெஸ்ஸுங்க! வந்ததுதான் வந்தீங்க, ரசஞ்சோறு சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு இலையைப் போட்டுட்டு, கரண்டியோட மக பக்கம் திரும்பினாங்க. "சட்டி நெறைய இருக்கற ஈரலை யாரு தலையில கட்டறது அம்மணி? நாளைக்கே பெயிண்டர் சஹீரை வரச்சொல்றேன். இனி இந்த எழுத்து கடைப்பக்கமே வரக்கூடாது."

ப்ரியாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பா காளிச்சாமி வெங்காய மூட்டை மேல காலை நீட்டிக்கிட்டு, பேப்பர்ல இருந்து முகத்தை எடுக்காமயே, "நல்லாத்தான இருக்குது"ன்னார். அவர் எதுக்குமே அதுக்கு மேல மெனக்கெட மாட்டார்.

சாப்பிட்டு முடிச்ச பெரியவரு இலையைத் தானே எடுத்துத் தொட்டியில போட்டாரு. துண்டால டேபிளையும் தொடச்சாரு. அந்த மெஸ்ல இதுவரைக்கும் நடக்காத அதிசயம்!

"ஆஸ்பத்திரி போர்டாட்ட இருக்கற அந்த எழுத்தைப் பாத்துட்டு வந்து இலையை அப்படியே உட்டுட்டு எந்திரிக்க மனசு வரலீங்க."

ப்ரியா கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "அம்மா, வெளிய வேண்டாம். உள்ள ஒரே ஒரு எடம் குடு."

மறுநாள் வாசல்ல சஹீரோட குண்டுச் சிவப்பு. கூட்டம் பிச்சுக்கிச்சு. உள்ள கைகழுவுற எடத்துல மட்டும் ப்ரியாவோட எழுத்து: 'சாப்பிட்ட இலையைத் தொட்டியில் போடவும்.' எத்தனை தடவை சொன்னாலும் கேக்காத பசங்க, சத்தம் காட்டாம இலையைத் தூக்கிட்டுப் போனானுக. ஒருத்தன் தொட்டிகிட்ட சாரி வேற சொன்னான்.

மாசாணியம்மாள் அதைப் பாத்துட்டு கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்தாங்க. அப்புறம் மக தோள்ல கையை வெச்சாங்க. "கண்ணு, எனக்கு இன்னொன்னு எழுதிக் குடுக்கறயா?"

ப்ரியா சந்தோசத்துல ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. அன்னைக்குச் சாயங்காலமே கல்லாவுக்கு எதுத்தாப்புல அந்தப் பலகை ஏறுச்சு: 'காளிச்சாமி வெங்காயம் உரிக்கவும்.'

காளிச்சாமி படிச்சார். பேப்பரை மடிச்சு வெச்சார். செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு, மூட்டை முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்தார்.

"ஏனுங்க," கட்டின பொண்டாட்டியைப் பாத்து மெதுவாக் கேட்டார், "கத்தி எங்கீங்க இருக்குது?"