புகை போட்ட டைரி

வெள்ளையம்மாவுக்கு ரப்பர் பாலுக்காகப் பால் மரம் வெட்டுவது பிழைப்பு. டைரி எழுதுவது சுகம். மலாயாவில், காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை முடிந்து, குளித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் எழுதாமலே தூக்கிப் போட்ட 1933-ஆம் வருடத்து டைரி அது. நடப்பதோ 1934. பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதுவதே அவளுக்கு ஒரு தனி ருசி.

"எழுதி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போற?" என்பான் கணவன் தங்கராஜு.

கோட்டை யாருக்கு வேண்டும்? பகலெல்லாம் கங்காணியின் சத்தத்தைக் கேட்ட காதுக்குச் சொந்தச் சொல் நாலு கேட்டால் போதாதா?

மார்கழி மழையில் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகி, தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. டைரி ஊறிய அவலாகக் கிடந்தது. பென்சில் எழுத்து அழியவில்லை, ஆனால் தாளோடு தாள் ஒட்டிக்கொண்டது. வெயிலோ தலைகாட்டுகிற பாடில்லை. இப்படியே விட்டால் பூஞ்சணம் பிடித்து, அவளுடைய ஒரு வருஷம் குப்பைக்குப் போய்விடும்.

தோட்டத்தில் ஈரம் அண்டாத இடம் ஒன்றே ஒன்றுதான். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்பவர் வீரமுத்து. வினை அங்கேதான் இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் அவள் எழுதியிருந்தாள்: "புகைக்கொட்டகை வீரமுத்து அண்ணன் முகத்தில் சிரிப்பைக் கண்டவர் யாருமில்லை. அவர் சிரித்தால் அன்றைக்கு மழை கொட்டும்."

அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தத் தாளை மட்டும் உருவப் பார்த்தாள். கூடவே பத்துத் தாள் கிழியும் போலிருந்தது. கடைசியில் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போய் நின்றாள்.

"அண்ணே, இதக் காய வச்சுத் தர முடியுமா?"

"வச்சிட்டுப் போ," என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு மரத்தில் கத்தி ஓடினாலும் மனசு கொட்டகையிலேயே கிடந்தது. மறுவாரம் அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். தையலைப் பிரித்து, தாள் தாளாக உரித்து, ஷீட்டுகளுக்கு நடுவே மூங்கில் கழியில் தொங்கவிட்டுக் காயவைத்திருக்கிறார். திரும்ப அடுக்கிச் சணல் நூலால் தைத்தும் வைத்திருந்தார். தாளெல்லாம் பழுப்பேறிப் புகை மணத்தது. ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

"தேதி பாத்துதான் அடுக்கினேன். வேற ஒண்ணும் படிக்கல," என்றார்.

வெள்ளையம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கைகூப்பிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

"தங்கச்சி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கார்த்திகை மாசம் பூரா எனக்குக் கடைவாய்ப் பல்லு வலி. அதான்."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. தயங்கித் தயங்கித் திரும்பினாள். வீரமுத்து பல் பிடுங்கிய இடம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படித்த பிறகும் ஒவ்வொரு தாளையும் பிள்ளையைப் போலக் காப்பாற்றியிருக்கிறாரே இந்த மனுஷர் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று விளக்கு வைத்ததும் புகை மணக்கும் புதுப் பக்கத்தைத் திறந்தாள். கிழமையைத் திருத்தினாள். பிறகு எழுதினாள்:

"இன்று வீரமுத்து அண்ணன் சிரித்தார். மழை வரவில்லை."